கழுவி வைக்க ஓர் ஆள்

அந்தப் பட்டறையில் இரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள், இருவருக்கும் ஆகாது. அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள். ஓரகத்திகளுக்குள் ஆகாமல் போவது ஊர் உலகத்தில் இல்லாததா என்று கேட்பீர்கள். இருக்கிறதுதான். ஆனால் மற்ற வீடுகளில் ஒருத்தி மாடியிலும் ஒருத்தி கீழேயும் இருந்துகொண்டு, நல்லது கெட்டதுக்குக் கூடும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவர்கள் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை ஒரே கூரைக்குக் கீழே, ஒரே நாற்காலியின்மேல் மாறி மாறிக் கைவைத்துக்கொண்டு, பதினோரு வருஷமாக முறைத்துக்கொண்டார்கள். அதற்கெல்லாம் தனித் தெம்பு வேண்டும்.

தொழில் என்னவோ நல்ல தொழில்தான். வீடு மாறுகிறவர்கள், செத்துப்போனவர்களின் அறையைக் காலி செய்கிறவர்கள், புதுச் சோபா வந்த மறுநாளே பழையதைப் பார்க்கப் பிடிக்காமல் போகிறவர்கள் எல்லோரும் தள்ளிவிடுகிற மேசை, நாற்காலி, அலமாரிகளை மூத்தவளின் கணவன் வண்டியில் அள்ளிக்கொண்டு வருவான். இளையவளின் கணவன் தச்சன். ஆடுகிற காலை இறுக்கி, துருப்பிடித்த கீலை மாற்றுவான். பிறகு இளையவள் கழுவித் தேய்ப்பாள். பிறகு மூத்தவள் பெயிண்ட் அடிப்பாள். பிறகு அது முன்பக்கக் கண்ணாடி ஜன்னலில் நின்று, போகிற வருகிறவர்களை "அட!" என்று சொல்லவைக்கும். அந்த "அட" முழுவதும் மூத்தவளுக்கே போய்ச் சேர்ந்தது. சண்டையின் வேர் அங்கேதான் இருந்தது.

கழுவுவது என்றால் ஈரத்துணியால் ஒரு துடை என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர்கள் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தில்தான் மனிதர்கள். மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள், வண்டவாளம் தெரியும்: மென்று ஒட்டிய பபிள்கம், துடைத்த மூக்கு, பத்து வருஷத்துச் சாப்பாட்டுக் கை. சமையலறை அலமாரி என்றால் கேட்கவே வேண்டாம். எண்ணெய்ப் புகை படிந்து, அதன்மேல் தூசி படிந்து, அதன்மேல் மறுபடி எண்ணெய் படிந்து, நகத்தால் கீறினால் மெழுகாகச் சுருண்டு வரும். இளையவள் சலவைச் சோடாவைக் கொதிக்கிற தண்ணீரில் கரைத்து, இடுக்குக்குப் பல் தேய்க்கிற பிரஷ், செதுக்கு வேலைக்குத் தீக்குச்சி, கீல் மூலைக்குக் கொண்டை ஊசி என்று ஆயுதம் ஆயுதமாக எடுத்து, ஒன்றரை நாள் மல்லுக்கு நிற்பாள். இரண்டு தண்ணீர் அலசி, நிழலில் இரண்டு நாள் காயவைத்து, அப்புறம்தான் மரத்தை வழவழப்பாக்குகிற உப்புத்தாளைக் கையில் எடுப்பாள். அவள் விரல் நுனிகளில் ரேகையே தேய்ந்துபோயிருந்தது. ஓர் அலுவலகத்தில் கைரேகை வைக்கச் சொன்னபோது, அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று இயந்திரம் மூன்று தரம் சாதித்தது.

அவள் பட்டப்பெயரும் உப்புத்தாள்தான். வைத்தவள் மூத்தவள். "வாயத் தொறந்தா சுரண்டுது, வேற என்ன பேரு வைக்கிறது?" என்றாள். வைத்த வேகத்தில் ஒட்டிக்கொண்டது. ஆணி விற்கிற கடைக்காரன்கூட அப்படித்தான் கூப்பிட்டான். பதிலுக்கு இவள் மூத்தவளுக்கு மகாராணி என்று பெயர் வைத்துப் பார்த்தாள். மூத்தவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. அப்புறம் அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

உப்புத்தாளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். முன்னறைக்குள் போய், பிரஷ்ஷைக் கையில் பிடித்து, ஒரு சாமானையாவது முழுசாகத் தானே முடித்து, "இது யார் பண்ணது?" என்று வருகிறவர்கள் கேட்கும்போது "நான்" என்று சொல்ல வேண்டும். பதினோரு வருஷத்தில் மூன்று தரம் கேட்டாள். முதல் தரம் மூத்தவள் சிரித்தாள். இரண்டாம் தரம், "ஈரக்காலோட உள்ள வராதே" என்றாள். மூன்றாம் தரம் உப்புத்தாள் கேட்கவில்லை. வீட்டிலேயே ஒரு ஸ்டூலுக்குப் பச்சை அடித்துக் கொண்டுவந்து காட்டினாள். மூத்தவள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் நாலு பக்கமும் திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கடைசியில், "பிரஷ் மயிரு ஒண்ணு ஒட்டியிருக்கு பாரு" என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டாள். அவ்வளவுதான் தீர்ப்பு.

இந்த நிலைமையில்தான் பல் டாக்டரம்மா வந்தாள்.

புதிதாக ஒரு மருத்துவமனை திறக்கிறாளாம். நோயாளிகள் காத்திருக்கிற அறைக்கு ஒரு பெரிய அலமாரி வேண்டும், கண்ணாடிக் கதவு போட்டது, இளநீலம். அன்றைக்குக் காலையில்தான் வண்டியிலிருந்து இறங்கியிருந்த ஒன்று அவள் கண்ணில் பட்டது. மூடிப்போன ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையிலிருந்து வந்தது. ஆள் உயரத்துக்கு மேல். தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும். எதிரில் நின்றாலே பொரித்த எண்ணெய் வாடை குமட்டும். டாக்டரம்மா அதையும் பார்த்தாள், ஜன்னலில் நின்ற வெள்ளை மேசையையும் பார்த்தாள்.

"இந்த மேசையும் இப்படித்தான் வந்துச்சா?"

"இதைவிட மோசங்க" என்றாள் மூத்தவள், பெருமையாக.

"நம்பவே முடியல. அழுக்கெடுத்து, தேச்சு, பெயிண்ட் அடிச்சு, எல்லாம் நீங்க ஒருத்தரேவா?"

உப்புத்தாள் பின்வாசல் நிலையில் வாளியோடு நின்றிருந்தாள். மூத்தவளுக்கு அது தெரியும். தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னாள்:

"கழுவி வைக்க ஒரு ஆள் இருக்கு. மத்தபடி எல்லாம் நான்தான்."

ஆள்! இரண்டு வீட்டுக்கும் மாமனார் மாமியார் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று, பட்டறை வாடகைச் சீட்டில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது. இவள் ஆளாம். உப்புத்தாளுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு எரிந்தது. நீங்களே சொல்லுங்கள், யாருக்குத்தான் எரியாது? டாக்டரம்மா படி இறங்குகிற வரைக்கும்தான் பொறுத்தாள்.

"ஆளா நானு?"

"ஆள்னா என்ன, ஆடா மாடா? மனுஷின்னுதானே அர்த்தம்?"

"என் ஓரகத்தின்னு சொல்ல நாக்கு கூசுதோ?"

"கடைக்கு வர்றவங்ககிட்ட குடும்பக் கதையா சொல்லிட்டிருப்பாங்க? போய் வேலையப் பாரு."

"பாக்க மாட்டேன். இந்த அலமாரிய நான் அடிக்கிறேன். கழுவுறதும் நானு, அடிக்கிறதும் நானு. என்ன சொல்றீங்க?"

"நீ கழுவு" என்றாள் மூத்தவள், டப்பா மூடியைத் தட்டி இறுக்கியபடி. "உனக்கு வர்றது அதுதான்."

இவ்வளவுக்கும் இரண்டு ஆம்பிளைகளும் அங்கேதான் இருந்தார்கள். அண்ணன்காரன் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்துவிட்டான். தம்பிக்காரன் வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டான். வாயில் ஆணி வைத்திருப்பவனிடம் யாரும் நியாயம் கேட்க முடியாது. இந்த உபாயத்தை அவன் கல்யாணமான முதல் வருஷத்திலேயே கண்டுபிடித்திருந்தான்.

மறுநாள் காலை உப்புத்தாள் வழக்கம்போலத் தண்ணீர் கொதிக்கவைத்தாள். சோடா டப்பாவைத் திறந்தாள். அலமாரியை ஏறிட்டுப் பார்த்தாள். ஒன்றரை நாள் இதோடு கட்டிப் புரள வேண்டும், கை வெந்து தோல் உரியும், இடுப்பு விட்டுப்போகும். அப்புறம் அது நீலமாகப் போய் ஒரு கூடத்தில் நிற்கும். எல்லாம் நான்தான் என்பாள் மகாராணி. "எல்லாம் நீங்கதானே? அப்ப இதுவும் நீங்கதான்" என்று உப்புத்தாள் வாய்விட்டே சொன்னாள். கொதிக்கிற தண்ணீரைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

பிறகு அவள் செய்தது, இந்தத் தொழிலில் பாவம். கழுவாமல் தேய்த்தாள். அழுக்குச் சாமானைக் கழுவிவிட்டுத்தான் தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். கழுவுவதற்கு முன்னால் போட்டால் மேலே இருக்கிற பிசுக்கு போகாது, மரத்துக்குள் இறங்கிவிடும். பார்வைக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. வெளிறி, மாவு பூத்து, ஒரு வாரம் பாடுபட்டுச் சுத்தம் செய்த மரம் மாதிரியே நிற்கும். அதன்மேல் பூசுகிற பெயிண்ட் ஒட்டின மாதிரி ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் கழன்று வந்துவிடும். பொறுமையாக, சீராக, மூன்று தாள் மாற்றி அவள் அதைத் தேய்த்தாள். எண்ணெய் வாடை போக ஒருநாள் முழுக்க வெயிலில் நிறுத்தினாள். கெடுப்பதற்கும் அவளுக்கு நன்றாகக் கைவந்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நாலாம் நாள் அலமாரி முன்னறைக்குப் போனது. உப்புத்தாள் பின்வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, துணி பிழிகிற சாக்கில் பார்த்தாள். ஒரு விரல் போதும். மூத்தவள் ஒரே ஒரு விரலை அந்த மரத்தில் வைத்து இழுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், விரல் வழுக்கும். வாடை தெரிய வழியில்லை. இத்தனை வருஷமும் டர்ப்பன்டைன் நெடிக்குள் இருந்து மகாராணியின் மூக்கு என்றைக்கோ செத்துவிட்டது. ஆனால் விரல் சாகவில்லையே. இதோ வைப்பாள், இதோ வைப்பாள் என்று இவள் பிழிந்த துணியையே மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள். வைத்தால் என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

மூத்தவள் கதவின் கண்ணாடி ஓரங்களுக்குக் காகிதம் ஒட்டினாள். தூசியை வாயால் ஊதினாள். அடிப்பூச்சுக்குப் பிரைமர் டப்பாவைக் கலக்கி, பிரஷ்ஷைத் தோய்த்து, மேல் தட்டில் ஆரம்பித்தாள். விரலும் வைக்கவில்லை, ஒன்றும் வைக்கவில்லை.

திமிரைப் பார் என்று நினைத்தாள் உப்புத்தாள். மரம் எப்படி இருக்கிறது என்று குனிந்து பார்த்தால் மகுடம் விழுந்துவிடுமோ? கழுவின ஆளின் வேலையைத் தொட்டுப் பார்ப்பதுகூட மகாராணிக்குக் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது. அனுபவிக்கட்டும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டாம் பூச்சுக்கு முன்னாலும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அலமாரி அவ்வளவு அழகாக வந்தது. அதுதான் அக்கிரமம். இளநீலம் பாலாடை மாதிரிப் படிந்து, கதவு விளிம்பில் ஒரு கோடு வெள்ளையோடு, பார்க்கிறவர்கள் கண்படும்படி நின்றது. டாக்டரம்மா வந்து பார்த்துப் பூரித்துப்போய், மருத்துவமனையின் மேசை, நாற்காலி, பெஞ்சு எல்லாவற்றையும் இவர்களிடமே கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். வண்டியில் ஏறும்போது மூத்தவள் அதைக் கம்பளி போர்த்திக் கட்டினாள். அன்றிலிருந்து உப்புத்தாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொலைபேசி அடித்தால் திடுக்கிட்டாள். அடிக்காவிட்டால் எரிச்சல் வந்தது.

பதினேழாம் நாள் அடித்தது. மூத்தவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், "சரிங்க, சரிங்க" என்றாள், வைத்தாள். உப்புத்தாளைப் பார்த்து, "கைய தொடச்சிக்கிட்டு வண்டியில ஏறு" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மருத்துவமனைக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அலமாரியைப் பார்த்ததும் வண்டி ஓட்டி வந்த அண்ணன்காரன் "ஐயையோ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். இடது பக்கம் முழுவதும் கொப்புளம். கதவுக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு நீலம் கிழிந்து தொங்கியது. உள்ளே பழுப்பு மரம், எச்சில் பட்டது மாதிரி மினுமினுத்துக்கொண்டு. தினமும் ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள், அதில் கிளம்பியிருக்கிறது. மிச்சத்தை, காத்திருந்த ஒரு பெரியவர் செய்துவிட்டார்.

"நான் வேணும்னு பண்ணலைங்க" என்றார் அவர், வீங்கின கன்னத்துக்குப் பின்னாலிருந்து. "வலி தாங்காம சும்மா நகத்த வச்சேன். வெங்காயத் தோலு மாதிரி அதுபாட்டுக்கு வந்துட்டே இருந்துச்சு."

டாக்டரம்மா அந்த நீளத் தோலைப் பிடுங்கின பல் போடுகிற தட்டில் எடுத்து வைத்திருந்தாள். கத்தவில்லை. "இத நம்பி முழு வேலையும் குடுத்தேனே, என்ன இது?" என்று மட்டும் கேட்டாள். கூடத்தில் எல்லோரும் பல்வலியை மறந்து மூத்தவளைப் பார்த்தார்கள்.

உப்புத்தாள் இந்த நிமிஷத்துக்காகத்தான் பதினேழு நாள் காத்திருந்தாள். மகாராணியின் முகத்தில் ஈயாடவில்லை. இப்போது கண்டிப்பாகப் பழியைத் தன் தலையில் கட்டப் பார்ப்பாள் என்று இவளுக்குத் தெரியும். அதற்குப் பதிலும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது: எல்லாம் நான்தான்னு அன்னிக்குச் சொன்னீங்களே, ஆளுக்கு என்ன தெரியும்?

மூத்தவள் கிழிந்த இடத்தில் ஒரு விரலை வைத்து இழுத்தாள். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். மறுபடி இழுத்தாள். பிறகு திரும்பி உப்புத்தாளை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் உப்புத்தாள் தாங்கியிருப்பாள். நடுத்தெருவில் செருப்பு அறுந்தவள் மாதிரி, இனி எப்படிப் போவது என்று தெரியாமல் நின்ற பார்வை அது.

"உங்க ஆள் சரியா கழுவலையோ?" என்றாள் டாக்டரம்மா.

"ஆள் இல்லைங்க டாக்டர்" என்றாள் மூத்தவள். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. இவ என் ஓரகத்தி. எங்க வேலையில பாதி இவளோடது, அதுவும் கஷ்டமான பாதி. இவ கழுவினா கழுவினதுதான், அதுல ஒருத்தரும் குத்தம் கண்டுபிடிக்க முடியாது." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "தப்பு என்மேல. பாக்காம பூசிட்டேன். கொண்டுபோயி மறுபடி பண்ணித் தர்றேன். அதையும் பாத்துட்டு, மத்த வேலைய எங்களுக்குக் குடுக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ணுங்க."

வீங்கின கன்னங்கள் எல்லாம் உப்புத்தாள் பக்கம் திரும்பின. ஒரு அம்மாள் மரியாதையாகத் தலையசைத்தாள். பதினோரு வருஷமாக எந்த வார்த்தைக்கு ஏங்கினாளோ அந்த வார்த்தை, நாலு பேர் முன்னால், முழுசாக, கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. உப்புத்தாளுக்கு முகத்தில் காறித் துப்பினாற்போல இருந்தது. திட்டியிருக்கலாமே, எல்லோர் முன்னாலும் இவளைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே என்று இருந்தது. அலமாரியை வண்டியில் ஏற்றக் கைகொடுக்கப் போனாள். மூத்தவள் அந்தப் பக்கத்தை அண்ணன்காரனிடம் பிடிக்கச் சொன்னாள்.

பட்டறைக்கு வந்து இறக்கியதும் மூத்தவள் இரண்டு ஆம்பிளைகளையும் பார்த்து, "போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள். அப்படி ஓடி அவர்களை யாரும் பார்த்ததில்லை.

"சோடா போடல" என்றாள் மூத்தவள்.

"போடல."

"தண்ணியே காட்டல."

"காட்டல."

"அப்படியே மேல தேச்சு உள்ள எறக்கிட்ட."

"ஆமா! எறக்கினேன்!" உப்புத்தாளுக்குக் குரல் கிறீச்சிட்டது. "ஆள்னு சொன்னீங்கல்ல? ஆள் அப்படித்தான் பண்ணும். உங்களுக்கு வாய் தவறி வந்துச்சு, எனக்குக் கை தவறிப் போச்சு, சரிக்குச் சரி!"

"வாய் தவறியெல்லாம் வரல. வேணும்னேதான் சொன்னேன்." மூத்தவள் ஒரு மர முக்காலியில் உட்கார்ந்தாள். "நீ பச்சை அடிச்சுக் கொண்டு வந்தியே ஒரு ஸ்டூலு, அன்னிக்கே தெரியும் எனக்கு. என்னைவிட நல்லா அடிப்ப நீ. கழுவவும் தெரிஞ்சு அடிக்கவும் தெரிஞ்ச ஒருத்தி இருந்தா, அடிக்க மட்டும் தெரிஞ்சவள யாரு சீந்துவா? பயம்டி. அதான் உள்ள விடல. போதுமா?"

உப்புத்தாள் அலமாரியில் தொங்கிய நீலத்தை நகத்தால் பிய்த்தாள்.

"இன்னொண்ணும் கேட்டுக்க. உன்னை எனக்குப் புடிக்காது. நீ இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து புடிக்காது, இப்பவும் புடிக்கல. உன் வாயி, உன் நடை, நீ வாளியை ணங்குன்னு வைக்கிறது, ஒண்ணும் புடிக்காது. ஆனா பதினோரு வருஷத்துல நீ குடுத்த சாமான்ல ஒண்ண, ஒரே ஒண்ண, நான் விரல் வச்சுப் பாத்திருக்கேனா? ஏன் பாக்கல?"

"திமிருன்னு நெனச்சேன்" என்றாள் உப்புத்தாள். உண்மையைத்தான் சொன்னாள்.

"திமிரு!" மூத்தவள் சிரித்தாள், கேட்கச் சகிக்காத சிரிப்பு. "நானே பூட்டின பூட்டை நாலு தடவை இழுத்துப் பாக்கிறவ நான். கட்டின புருஷன் கடைக்குப் போறேன்னா எந்தக் கடைன்னு கேக்கிறவ. இந்த ஒலகத்துல நான் பாக்காம, தொடாம, கேக்காம நம்பினது ஒண்ணே ஒண்ணுதான். நீ கழுவிக் குடுத்த கட்டை. புடிக்காத ஒருத்தியோட கையை நம்புறதுக்கு எவ்வளவு மனசு வேணும்னு உனக்குத் தெரியுமாடி? அதைப் போயி ஒடச்சிட்டியே."

உப்புத்தாள் தன் ஆயுளில் மூத்தவளிடம் சொல்லியிராத ஒன்றைச் சொன்னாள். "மன்னிச்சிடுங்க அக்கா."

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? நீ கேட்டது பிரஷ்தானே?" மூத்தவள் எழுந்து, தகர டப்பாவில் நின்ற பிரஷ்களில் பாதியை எண்ணாமல் அள்ளி, உப்புத்தாள் கையில் திணித்தாள். "எடுத்துக்க. முன்னறையில ஜன்னல் பக்கம் உனக்கு, சுவத்துப் பக்கம் எனக்கு. உன் சாமான நீயே கழுவி நீயே அடி. என் சாமான நானே கழுவி நானே அடிச்சுக்கிறேன்."

"உங்களால குந்தி உக்காந்து கழுவ முடியாதுக்கா. முட்டி என்ன ஆகும்?"

"என் முட்டி. என் பாடு."

சொன்னபடியே நடந்தது. டாக்டரம்மாவுடைய அலமாரியின் நீலத்தை மூத்தவள் தனியாகச் சுரண்டி, தனியாகக் கழுவி, எட்டு நாள் மாரடித்து மறுபடி பூசிக் கொடுத்தாள். மருத்துவமனை வேலை கைவிட்டுப் போகாமல் தப்பியது. உப்புத்தாள் உதவிக்கு நீட்டின கை அந்தரத்திலேயே நின்றது. சண்டையும் நின்றுபோயிற்று, அதுதான் அவளுக்கு ஆகவே இல்லை. முறைப்பு இல்லை, குத்தல் இல்லை. "கொஞ்சம் நகரு", "டப்பாவைக் குடு", அவ்வளவுதான் பேச்சு. உப்புத்தாள் என்று கூப்பிடுவதைக்கூட மூத்தவள் விட்டுவிட்டாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். உப்புத்தாள் தனியாக முடித்த முதல் மேசை, மஞ்சளில் சாம்பல் நிற ஓரம் வைத்தது, கண்ணாடி ஜன்னலில் நின்றது. தெருவில் போன ஒரு ஜோடி "அட!" என்று உள்ளேயே வந்துவிட்டார்கள்.

"ரொம்ப நல்லா இருக்கே, யார் பண்ணது?"

"அவதான்" என்றாள் மூத்தவள், பின்வாசலிலிருந்து. "கழுவினது, தேச்சது, அடிச்சது, எல்லாம் அவ ஒருத்திதான்."

குரலில் குத்தல் இருக்கிறதா என்று உப்புத்தாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒரு பொட்டுக்கூட இல்லை. வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனதும் அவள் பிரஷ்ஷை வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள்.

மூத்தவள் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்கி, கோணலாக உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். சோடா அளவு அதிகம். புறங்கை சிவந்து வெடித்திருந்தது. நாற்காலிக்குக் கடைசல் பிடித்த கால்கள். வளையம் வளையமாக இருந்த பள்ளங்களில் கறுப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது. உப்புத்தாளுக்குக் கை பரபரத்தது.

"அக்கா, அந்தப் பள்ளத்துலயெல்லாம் அழுக்கு நிக்குது. தள்ளுங்க, ஒரு அஞ்சு நிமிஷம் நான் தேச்சுத் தர்றேன்."

மூத்தவள் குனிந்து, காலைத் திருப்பி, அந்தப் பள்ளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"தெரியுது" என்றாள். "இது என் கண்ணால பாத்து நானே விட்ட அழுக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி எழுந்து, காயவைக்கிற இடத்துக்கு நடந்தாள்.